கடல் கடந்த பிள்ளை

ரவாங்கையும், பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டி நிற்கும் சென்ட்ரல் நிலையத்தையும், கிள்ளானையும் ஒரே கொம்யூட்டர் இரயில் பாதை இணைக்கிறது. அந்தப் பாதை போய் முடிகிற துறைமுகத்தில்தான், அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயர் வழங்கிய நாளில், நம் முன்னோர் பலர் கப்பலை விட்டு இறங்கினார்கள். நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும், ஒரு காலத்தில் பால்மரக் காடாக இருந்த மண்ணின் மீது எழுந்த ரவாங் தாமான்களில் இன்று குடியிருக்கிறார்கள். தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக 1894-ஆம் ஆண்டிலேயே மின்சாரத்தைக் கொண்டுவந்து நிறுத்திய பெருமை இந்த ஊருக்கு உண்டு. அந்தக் காலம் தொட்டு எத்தனையோ மாறிவிட்டது. ஆனால் கடலுக்கு அப்பால் பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் மட்டும் மாறவில்லை. கோயம்புத்தூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் மருமகள் வருகிறாள். கணினி வேலைக்கென்று சென்னையிலிருந்து சைபர்ஜெயாவுக்கு வந்த பையனுக்குக் கிள்ளானில் சம்பந்தம் பேசுகிறார்கள். இங்கே பிறந்த பெண் மெல்பர்னிலோ லண்டனிலோ குடித்தனம் தொடங்குகிறாள்.

விவாகம் கடலைக் கடப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், அதே விவாகம் முறிந்தால் பிள்ளையும் கடலைக் கடக்க நேரும் என்பதை நிச்சயதார்த்தத்தின்போது நினைப்பதில்லை. அப்படி நினைப்பதை அபசகுனம் என்றுகூட ஒதுக்கிவிடுகிறோம். கணவன் ஒரு தேசத்தின் பிரஜையாகவும், மனைவி இன்னொரு தேசத்தின் பிரஜையாகவும் இருந்து, இருவரும் பிரிகிறபோது, நகையையும் வீட்டையும் பங்கிட்டுக் கொள்ளலாம்; பிள்ளையைப் பங்கிட முடியாது. பிள்ளை எந்தக் கரையில் நிற்கிறதோ அந்தக் கரையின் நியாயஸ்தலமே அதைப் பற்றிப் பேசும் அதிகாரம் பெற்றுவிடுகிறது என்ற உண்மை, நம் குடும்பங்களுக்கு மிகத் தாமதமாகவே தெரிய வருகிறது.

இத்தகைய வழக்குகள், ஆட்களும் ஊர்களும் வேறானாலும், பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. பள்ளி விடுமுறை வருகிறது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு செய்தி வருகிறது. திரும்பி வரும் தேதியும் குறித்த விமானச் சீட்டோடு தாய் பிள்ளையை அழைத்துக்கொண்டு புறப்படுகிறாள், அல்லது தகப்பன் புறப்படுகிறான். திரும்ப வேண்டிய தேதிக்கு இரண்டு நாள் முன்னால், இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறோம் என்று தகவல் கிடைக்கிறது. அந்த ஒரு வாரம் ஒரு மாதமாகிறது. வீட்டில் இருப்பவர் சந்தேகம் தோன்றி அலமாரி இழுப்பறையைத் திறந்து பார்த்தால், பிள்ளையின் பிறப்புப் பத்திரமும், மைகிட் அட்டையும், கிளினிக்கில் கொடுத்த தடுப்பூசிப் புத்தகமும் இருந்த உறை காலியாகக் கிடக்கிறது. விருந்தாளியாக ஊருக்குப் போகிற பிள்ளைக்குத் தடுப்பூசிப் புத்தகம் எதற்கு? பள்ளியில் சேர்ப்பதற்குத்தான். அந்தக் காலி உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நிமிஷத்தில் வழக்கு தொடங்கிவிடுகிறது. ஆனால் அந்த மனிதர், உறவினர் சொல்லும் ஆறுதலைக் கேட்டு, இன்னும் பல மாதங்களைச் சமாதானப் பேச்சில் கழித்துவிடுகிறார்.

அந்த மாதங்களில் நடப்பது என்ன? கைப்பேசித் திரையில் முகம் பார்த்துப் பேசுவது ஒன்றே மிஞ்சுகிறது. மலேசியாவின் கடிகாரம் இந்தியாவின் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. வேலை முடிந்து, நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து, ரவாங் வீட்டுக்குள் நுழைந்து தகப்பன் அழைக்கிற இரவு எட்டரை மணி, அங்கே மாலை ஆறு மணி. பிள்ளை டியூஷனுக்குப் போயிருக்கும், அல்லது தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும். முதலில் தினமும் என்றிருந்த பேச்சு, வாரத்துக்கு ஒரு முறையாகிறது. ‘பாப்பா, சாப்பிட்டாச்சா?’ என்ற கேள்விக்குப் பதிலாகத் தலையாட்டல் மட்டும் வருகிறது. பிள்ளை யாரையும் வெறுக்கவில்லை. அது இருக்கிற இடத்தில் வேர் விடுகிறது, அவ்வளவுதான். அந்த வேரைத்தான் பின்னாளில் நீதிபதி பார்க்கப்போகிறார். கடல் கடந்த வழக்கில், யார் பக்கம் நியாயம் என்ற கேள்விக்கு முன்னால் எத்தனை காலம் கழிந்தது என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதே, இந்தத் துறையின் தீர்ப்புகளைப் படிக்கிறவர் மனத்தில் ஆழமாகப் பதிகிற செய்தி.

ஓடுபாதை வரைக்கும் சட்டம்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் விவாகத்தையும் விவாகரத்தையும் ஆள்வது, 1976-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த, 164-ஆம் இலக்கமிட்ட திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். பிள்ளையின் பராமரிப்பு உரிமையைப் பற்றிப் பேசும் அதன் 88-ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே பிரதானம் என்கிறது. அதற்கு உட்பட்டே பெற்றோரின் விருப்பமும், சுயமாக அபிப்பிராயம் சொல்லக்கூடிய பிராயத்தில் இருந்தால் பிள்ளையின் விருப்பமும் கருதப்படும். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானமும் அதில் உண்டு. ஆனால் அது மாற்று ஆதாரத்தால் தகர்க்கக்கூடிய அனுமானம் என்பதையும், பிள்ளையின் வாழ்க்கையை அடிக்கடி கலைப்பது விரும்பத்தக்கதன்று என்பதையும் அதே பிரிவு சேர்த்தே சொல்கிறது. தாய் என்பதாலேயே வெற்றி நிச்சயம் என்று நம்மவர்கள் நினைப்பது இந்த இரண்டாம் பாதியைப் படிக்காததனால்தான்.

எல்லை தாண்டிய வழக்குக்கு மிகவும் தேவையான ஆயுதம் 101-ஆம் பிரிவில் இருக்கிறது. விவாக சம்பந்தமான வழக்கு நிலுவையில் இருக்கும்போதோ, ஒருவருக்கு மட்டும் பராமரிப்பு உரிமை வழங்கப்பட்டிருக்கும்போதோ, மற்றவர் பிள்ளையை மலேசியாவுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதிக்கலாம். அல்லது நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம். தடையை மீறுவது நீதிமன்ற அவமதிப்பு. இந்த உத்தரவைப் பெற்று அதன் நகலைக் குடிநுழைவுத் துறையிடம் சேர்ப்பித்துவிட்டால், பிள்ளை விமானம் ஏறுவது கடினமாகிவிடும். ஆனால் வழக்கு நிலுவையில் இருந்தால்தானே இந்தப் பிரிவு உயிர்பெறும்? திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகாத தம்பதிகள் பொதுவாக விவாகரத்து மனுவே போட முடியாது. மற்றவர்களும், கூட்டு மனுவாக இல்லாவிட்டால், முதலில் சமரசக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும், அந்தக் குழுவுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. எதிர்த்தரப்பினர் வெளிநாட்டில் வசித்து, அடுத்த ஆறு மாதத்துக்குள் இங்கே வரும் சாத்தியம் இல்லை என்றால் இந்தக் கட்டம் தேவையில்லை என்று சட்டம் விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கை அறியாமல் நாளைக் கடத்துகிறவர்கள் உண்டு. விவாகரத்துக் கேட்காமலேயே, 1961-ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் பராமரிப்பு உரிமையைக் கோரலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்தச் சட்டம் 1999-இல் திருத்தப்பட்ட பிறகு தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை தருகிறது.

அதிகார வரம்பு என்ற முடிச்சும் ஒன்று உண்டு. விவாகரத்து வழங்குவதற்கு, தம்பதிகளின் நிரந்தர வாசஸ்தலம் மலேசியாவாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. கணவனால் கைவிடப்பட்ட மனைவிக்கும், மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக இங்கேயே தொடர்ந்து வசித்த மனைவிக்கும் 49-ஆம் பிரிவு தனி வழி திறந்து வைத்திருக்கிறது. இவ்வளவையும் கவனமாக வகுத்த நம் சட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை சிப்பாங் விமான நிலையத்தின் ஓடுபாதை.

எல்லையைத் தாண்டியவர் எதை இழக்கிறார் என்பதற்கு நம் நாட்டிலேயே, நம் சமூகத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. ஷமலா சத்தியசீலன் 1998-இல் மணம் புரிந்தவர். 2002 நவம்பரில் கணவர் மதம் மாறினார், சில நாட்களில் இரண்டு சிறு பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றிவிட்டார். கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2004-இல் கூட்டுப் பராமரிப்பு உரிமை வழங்கி, பிள்ளைகள் தாயிடம் வளரலாம் என்றது. ஆனால் பிள்ளைகளின் சமய நம்பிக்கையை அவர் மாற்ற முயன்றால் அந்த உரிமையை இழப்பார் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. அந்த நிபந்தனைக்குக் கீழே வாழ்வது எத்தகைய தர்மசங்கடம் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். ஷமலா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஒரு பெற்றோர் மட்டும் தனித்துப் பிள்ளையை மதம் மாற்றலாமா என்ற மாபெரும் கேள்வியோடு அவர் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை ஏறியது. 2010 நவம்பர் 12 அன்று நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் நுழையவே மறுத்தது. உத்தரவை மீறிப் பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருப்பவர், அந்தக் குற்றத்தை நீக்கிக்கொள்ளாத வரையில், இந்த நீதிமன்றத்தின் செவியை நாட முடியாது என்பதே காரணம்.

அதே கேள்விக்கு 2018 ஜனவரி 29 அன்று, ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தியின் வழக்கில், அதே கூட்டரசு நீதிமன்றம் பதில் சொன்னது: இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். 2009-இல் பதினொரு மாதக் குழந்தையைத் தகப்பன் தூக்கிச் சென்றுவிட்ட நிலையிலும், இந்திரா இந்த நாட்டிலேயே நின்று, ஒவ்வொரு படியாக ஏறினார். சட்டத்தில் வென்ற அவருக்குப் பிள்ளையை மீட்டுத் தரச் சர்க்காரின் காவல் துறையால் முடியவில்லை என்பது தனிச் சோகம். அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறாகிவிடும். இங்கே சொல்ல வேண்டியது இதுதான்: ஷமலாவின் வேதனை மெய்யானது, அவர் கேட்ட கேள்வியும் நியாயமானது, ஆனால் அவர் விமானம் ஏறியதால் அந்தக் கேள்வி ஏழு ஆண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

கோயம்புத்தூர் வழக்கு

இனி அக்கரைக்கு வருவோம். ரவாங்கிலிருந்து போகிற பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கே போகின்றன என்பதால், இந்திய நீதிமன்றங்கள் இத்தகைய வழக்கில் என்ன சொல்கின்றன என்பது நமக்கு வெளிநாட்டுச் செய்தியன்று, வீட்டுச் செய்தி.

‘சூர்ய வதனன் எதிர் தமிழ்நாடு அரசு’ என்று பதிவான வழக்கின் சரித்திரம் நம் வீடுகளில் நடப்பதை அப்படியே பிரதிபலிக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் திருமணம். கணவர் பிரிட்டிஷ் பிரஜை, மனைவியும் பின்னர் அந்தப் பிரஜாவுரிமையைப் பெற்றார். இரண்டு பெண் குழந்தைகளும் பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜைகள். 2012 ஆகஸ்டில் தாய் இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் உள்ள தாய்வீட்டுக்கு வந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் திரும்புவதற்குச் சீட்டு இருந்தது. வந்த சில நாட்களிலேயே கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனுவைத் தாக்கல் செய்தார். தகப்பன் ஓடி வந்தார், பேசிப் பார்த்தார், பேச்சு முறிந்தது. நவம்பரில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றம் அந்தப் பெண்களைத் தன் பாதுகாப்பில் உள்ள சிறார் என்று பிரகடனம் செய்து, திருப்பி அழைத்துவர உத்தரவிட்டது. தகப்பன் சென்னை உயர்நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனு 2013 நவம்பரில் தள்ளுபடியாயிற்று. உச்ச நீதிமன்றம் 2015 பிப்ரவரி 27 அன்று அதை மாற்றி, பிள்ளைகளைப் பற்றி முதலில் பயனுள்ள உத்தரவிட்ட நீதிமன்றம் இங்கிலாந்துடையது என்பதால் அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும், தாய் பெண்களை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்றும், அதற்கான செலவைத் தகப்பன் ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

தேதிகளைக் கூட்டிப் பாருங்கள். புறப்பட்ட நாளுக்கும் தீர்ப்புக்கும் இடையில் இரண்டரை ஆண்டு. இளைய பெண்ணுக்கு வந்தபோது நான்கு வயதுகூட நிரம்பவில்லை; தீர்ப்பின்போது ஆறு வயது முடிந்திருந்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே கோயம்புத்தூரில்தான் இருக்க வேண்டும். வென்றவரின் வெற்றியும் அந்தக் குழந்தைக்கு இரண்டாவது முறையாக ஒரு வீட்டைக் கலைப்பதாகவே முடிந்திருக்கும்.

இந்தத் தீர்ப்பு நிலைத்ததா? இரண்டே ஆண்டில், 2017 ஜூலை 3 அன்று, நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில், மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு ‘முதலில் உத்தரவிட்ட நீதிமன்றம்’ என்ற அந்தத் தத்துவத்தையே ஒதுக்கிவிட்டது. வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய பல அம்சங்களில் ஒன்று மட்டுமே. பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று சொல்லி, இங்கிலாந்திலிருந்து தாய் அழைத்து வந்த இருதய நோயுள்ள சிறுமியை இந்தியாவிலேயே இருக்க அனுமதித்தது. பிறகு 2022 ஜூலையில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்து தகப்பன் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றிய வழக்கில், தாய் ராஜேஸ்வரி சந்திரசேகர் கணேஷ் கொண்டுவந்த மனுவின் மேல், பிள்ளைகளைத் திருப்பி அழைத்துப் போகும்படி அதே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கெல்லாம் முன்பு 2009-இல், டாக்டர் ரவிச்சந்திரன் வழக்கில், 2007 முதல் பல மாநிலங்களின் போலீசாரால் கண்டுபிடிக்க முடியாத ஒரு பையனை, கடைசியில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் சென்னையில் கண்டு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். ஓரிடத்தில் நிலையாகத் தங்கவோ படிக்கவோ வழியில்லாமல் இழுபட்ட அந்தப் பையனை அமெரிக்காவுக்கு அனுப்ப நீதிமன்றம் தயங்கவில்லை. மாறாக, தன்வந்தி ஜோஷியின் வழக்கில் 1997-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வெளியானபோது, கைக்குழந்தையாக வந்த பையன் 12 ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் வளர்ந்துவிட்டிருந்தான்; அவனைத் திருப்பி அனுப்புவது எவ்வாறு நன்மையாகும்?

இந்தத் தீர்ப்புகளுக்கெல்லாம் அடியில் ஓர் ஆங்கிலேயத் தத்துவம் கிடக்கிறது. அன்று மலாயாவுக்கும் உச்ச மன்றமாக விளங்கிய லண்டன் பிரிவி கவுன்சில், 1951-இல் மக்கீ என்ற அமெரிக்கத் தம்பதியின் வழக்கில், தகப்பன் கனடாவுக்குக் கொண்டுபோன மகனைப் பற்றி, வெளிநாட்டு உத்தரவுக்கு உரிய கனம் கொடுக்க வேண்டும், ஆனால் பிள்ளை இருக்கும் இடத்து நீதிமன்றம் சுயேச்சையாக முடிவு செய்யலாம் என்றது. 2017-ஆம் ஆண்டின் தீர்ப்பும் அந்த வழியில் வந்ததே. பிள்ளையின் நலனை அயல் நீதிமன்றத்தின் கௌரவத்துக்குப் பலியிடக் கூடாது என்ற அதன் கொள்கையை நான் மனமார ஏற்கிறேன். ஆயினும் ஒவ்வொரு வழக்கையும் அடிமுதல் நுனிவரை புதிதாக விசாரிப்பதென்றால் அதற்குக் காலம் பிடிக்கும். காலம் பிடிக்கப் பிடிக்க, பிள்ளையைத் தூக்கிச் சென்றவரின் கட்சி பலப்படும். கொள்கை சரியாக இருந்தும் பலன் விபரீதமாகிறது. விரைவான நடைமுறை இல்லாத இடத்தில், நலன் என்ற உயர்ந்த சொல் தாமதத்துக்கு வெகுமதியாகிவிடுகிறது.

கையொப்பம் இல்லாத இரு தேசங்கள்

இந்தத் தாமதத்துக்கு உலகம் ஒரு பரிகாரம் கண்டிருக்கிறது. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1980 அக்டோபர் 25 அன்று உருவாகி, 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, சிறார் கடத்தல் பற்றிய சர்வதேச ஒப்பந்தம் அது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று அது தீர்மானிப்பதில்லை. பிள்ளை வழக்கமாக வாழ்ந்த தேசத்தின் நீதிமன்றமே அதைத் தீர்மானிக்கட்டும், அதற்காகப் பிள்ளையை விரைவில் அங்கே திருப்பி அனுப்புங்கள் என்று மட்டுமே சொல்கிறது. 16 வயதுக்கு உட்பட்ட சிறாருக்கு அது பொருந்தும். ஒவ்வொரு தேசமும் இதற்கென ஒரு மத்திய அலுவலகத்தை நியமிக்க வேண்டும். பிள்ளையைப் பிரிந்தவர் தன் ஊரிலிருந்தே அந்த அலுவலகத்தின் மூலம் மனுப் போடலாம். ஆறு வாரத்துக்குள் முடிவு எட்டாவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம். பிள்ளை போய் ஓராண்டுக்குள் மனு வந்துவிட்டால் திருப்பி அனுப்புவதே விதி. ஓராண்டு கடந்துவிட்டால், பிள்ளை புதிய இடத்தில் ஊன்றிவிட்டதா என்ற கேள்வி எழும். ஆக, ஒப்பந்தம் உள்ள தேசங்களிலும் நாட்கள் எண்ணப்படுகின்றன. ஒப்பந்தம் இல்லாத தேசங்களில் எவ்வளவு விரைய வேண்டும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. இலங்கை 2001-இல் சேர்ந்து, அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது. ஜொகூர் பாலத்துக்கு அப்புறம் இருக்கும் சிங்கப்பூரில் 2011 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. மலேசியா சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. இந்தியாவின் சட்ட ஆணையம் 2009-இல் தன் 218-ஆம் அறிக்கையில் சேரும்படி சிபாரிசு செய்தது. 2016-இல் 263-ஆம் அறிக்கையில் ஒரு மசோதாவையே வரைந்து கொடுத்தது. கையொப்பம் மட்டும் விழவில்லை. ஆதலால், கிள்ளானிலிருந்து சிங்கப்பூருக்குப் போன பிள்ளைக்கும் சரி, ரவாங்கிலிருந்து மதுரைக்குப் போன பிள்ளைக்கும் சரி, இந்த ஒப்பந்தம் உதவாது. இரு கரையும் கையொப்பமிட்டிருந்தால்தான் அது பாலமாகும்.

சேராததற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. அந்தக் காரணத்தை அலட்சியம் செய்யக் கூடாது. பிள்ளையைக் கொண்டுபோகிறவர்களில் பெரும்பாலோர் தாய்மார்களே. 2015-ஆம் ஆண்டில் இந்த ஒப்பந்தத்தின் கீழ் வந்த மனுக்களை ஆராய்ந்த கணக்கில் 73 விழுக்காட்டினர் தாய்மார்கள். அவர்களில் எத்தனை பேர் அடிக்குப் பயந்து ஓடியவர்கள்? ரவாங்கில் வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் இந்த நாட்டில் தங்குவதே கணவனின் ஆதரவுக் கையொப்பத்தின் பேரில் வழங்கப்படும் நீண்டகால வருகை அனுமதியினால். அவன் கையொப்பமிட மறுத்தால் அனுமதி ஆட்டம் காண்கிறது. விவாகரத்து வந்தால் அதன் அடிப்படையே போகிறது. சொந்த வருமானம் இல்லை, உற்றார் இல்லை, போலீசில் புகார் சொல்லப் பாஷையும் சரளமாக வராது. அவள் பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போவதைக் கடத்தல் என்று பெயரிட என் மனம் ஒப்பவில்லை. போன இடத்திலும் அவளுக்கு நிம்மதி இல்லை. இரு தேசங்களும் இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்காதவை என்பதால், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அவள் குழந்தை இந்தியாவில் ஓர் அந்நியன். பாட்டி வீட்டுத் திண்ணையில் விளையாடும் அந்தப் பிள்ளைக்கு விசா நீட்டிப்புக் கேட்டு அவள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் காத்திருக்க வேண்டும்.

ஆனால் இதற்கு மருந்து ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பது ஆகாது. பிள்ளைக்குப் பெருந்தீங்கு நேரும் என்று நிரூபித்தால் திருப்பி அனுப்ப மறுக்கலாம் என்று அதே ஒப்பந்தத்தின் 13-ஆம் விதி இடம் கொடுக்கிறது. அந்த விதியைத் தாராளமாக வாசிக்கும் நீதிபதிகள் வேண்டும். பராமரிப்பு வழக்கு நடக்கும் வரையில் அயல்நாட்டுத் தாய் இங்கே தங்கவும் வேலை செய்யவும் குடிநுழைவுத் துறை தனி அனுமதி வழங்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்குப் பிரஜாவுரிமை விஷயத்தில் இழைக்கப்பட்டு வந்த அநீதியைத் திருத்த 2024 அக்டோபரில் மக்களவை அரசியலமைப்பையே திருத்தி வாக்களித்தது. மனம் வைத்தால் சட்டம் மாறும் என்பதற்கு அதுவே சாட்சி. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது; பெட்டாலிங் ஜெயாவில் 1982 முதல் இயங்கும் பெண்கள் உதவி அமைப்பு இருக்கிறது. ஓடுவதற்கு முன் இந்தக் கதவுகளைத் தட்டலாம் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்கிறார்கள்? கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் அவளைப் பார்க்கிற நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் வருகிற நாள் வரும் வரையில் குடும்பங்கள் செய்யக்கூடியது என்ன? பிரிவது என்று முடிவாகிவிட்டால், பிள்ளையின் கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும், விடுமுறைக்கு எந்தத் தேதியில் போய் எந்தத் தேதியில் திரும்பும், வாரத்தில் எந்த நாள், எந்த மணிக்கு, மலேசிய நேரமா இந்திய நேரமா என்பது உட்பட, பேசுவது எப்போது என்பதையெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை எழுதி, நீதிமன்ற உத்தரவாக்கிக்கொள்ளுங்கள். அதே வாசகத்தில் மறு தேசத்தின் நீதிமன்றத்திலும் ஓர் உத்தரவு பெற்றுவிட்டால், வாக்கு மீறுகிறவரை அந்த மண்ணிலேயே தடுக்கலாம். இந்த இரட்டை உத்தரவுக்குச் செலவு உண்டு, ஆனால் மூன்று ஆண்டு ஆட்கொணர்வு வழக்கின் செலவோடு பார்த்தால் அது சொற்பம். பிள்ளை போய்விட்டிருந்தாலோ, இங்கே ஷா ஆலமிலோ ஜாலான் டூத்தாவிலோ வழக்கைத் தொடங்குகிற அதே வாரத்தில், பிள்ளை இருக்கும் ஊரிலும் ஒரு வழக்குரைஞரை அமர்த்துங்கள். இங்கே பெற்ற தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அக்கரையில் போய் நின்றால், அது ஒரு சாட்சியப் பத்திரமாகக் கருதப்படுமே தவிர, தானாக நிறைவேறாது. பணவசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையும், வழக்குரைஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் நாடலாம்.

கோலாலம்பூரும் புதுதில்லியும் வாணிபத்துக்கும் விமானப் போக்குவரத்துக்கும் கையொப்பமிட்ட உடன்படிக்கைகள் பல. நம் மக்களவை உறுப்பினர்களில் நம்மவர் இருக்கிறார்கள். பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கென்று இரு தேசங்களுக்கும் இடையே ஓர் உடன்படிக்கையேனும் உடனே வேண்டும், அதன் பின் ஹேக் ஒப்பந்தத்தில் மலேசியா சேர வேண்டும் என்று அவர்களைக் கேட்பது வாக்காளராகிய நம் கடமை. கேட்டு எழுதுங்கள். இதைப் படிக்கிறவர் ஒரு தாயாகவோ தகப்பனாகவோ இருந்து, மனம் கசந்து, பிள்ளையோடு புறப்பட்டுவிடலாமா என்று இந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தால், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் ஒரு வழக்குரைஞரைப் பாருங்கள். பிள்ளை ஏற்கெனவே போய்விட்டிருந்தால், இன்னொரு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லும் உறவினரின் பேச்சைக் கேளாமல், இந்த வாரமே மனுப் போடுங்கள்.